ஆயிரத்தில் ஒரு மீன்

கோல்டு ஃபிஷ்ஷை முட்டையிட வைப்பது சுலபம். அதற்குப் பிறகு வரும் மூன்று மாதங்கள்தான் சவால். மொட்டை மாடித் தொட்டியில் ஓர் அழகு மீன் எப்படி உருவாகிறது?

நன்றாகத் தேறிய ஒரு பெண் கோல்டு ஃபிஷ் ஒரே காலையில் ஆயிரம் முட்டைக்கு மேல் இட்டுவிடும். அதில் பாதிக்கு மேல் பொரித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து, ‘இது ஒராண்டா’, ‘இது ரான்சு’ என்று நாலு பேர் முன்னால் நிமிர்ந்து சொல்லும்படி எத்தனை மிஞ்சும்? கைதேர்ந்தவர் தொட்டியிலேயே சில டஜன்தான். புதிதாக இறங்கியவர் தொட்டியில் ஐந்தாறு தேறினாலே பெரிய விஷயம். மீதி என்ன ஆயின? கொஞ்சம் செத்துப்போயின. பெரும்பகுதி பிழைத்துத்தான் இருக்கும். ஆனால் வால் கோணி, முதுகு மேடாகி, கேட்ட வடிவம் ஒன்றும் வராமல் சாதாரண மீனாக நின்றுபோயிருக்கும்.

இந்த வளர்ப்பின் சூட்சுமம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மீனைப் பெருக்க யாராலும் முடியும். எதை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது, எப்போது ஒதுக்குவது என்று தெரிந்தவர் கையில்தான் அது அழகு மீனாகிறது.

தமிழ்நாட்டில் வண்ண மீன் என்றதும் நினைவுக்கு வருவது சென்னை கொளத்தூர். அந்த வட்டாரத்தில் நிலம் நீச்சு இல்லாத குடும்பங்கள்கூடக் கொல்லையிலும் மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் பெருக்கிப் பிழைத்திருக்கின்றன. நகரம் நெருக்க நெருக்கப் பண்ணைகள் திருவள்ளூர் மாவட்டத்தின் உட்பகுதிகளுக்கு நகர்ந்தன. ஆனால் சந்தை எண்ணிக்கையில் ஓடுகிறது. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பையில் ஆக்சிஜன் அடைத்து அனுப்பினால்தான் அடுத்த ஈட்டுக்குத் தொட்டி காலியாகும். நூறு தொட்டி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு குஞ்சையும் எடுத்துப் பார்க்க நேரம் ஏது? அந்த நேரம் நாலு தொட்டி வைத்திருப்பவரிடம் இருக்கிறது. வீட்டு வளர்ப்பாளரின் பலமே அதுதான்.

நானூறு ஆண்டுக்கு முந்தைய பாடம்

கோல்டு ஃபிஷ் என்று ஒரு மீன் காட்டில், ஆற்றில் தானாகக் கிடையாது. அதன் மூதாதை சீனத்து நன்னீரில் வாழும், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த, சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு சாதாரண மீன். அதில் அபூர்வமாகச் செம்பொன் நிறக் குஞ்சுகள் பிறப்பதுண்டு. சோங் அரசர்கள் காலத்தில் (960–1279) அப்படிப்பட்ட மீன்களைக் குளங்களில் தனியே விட்டுக் காத்தார்கள். பிறகு மிங் காலத்தில் குளத்திலிருந்து தொட்டிக்கும் மண்பாண்டத்துக்கும் மாற்றினார்கள். மீனின் தலையெழுத்தையே மாற்றியது அந்த இடமாற்றம்தான். குளத்தில் வேகமாக நீந்தத் தெரியாத மீன் பட்டினி கிடந்து சாகும், அல்லது இன்னொன்றுக்கு இரையாகும். தொட்டியில் அதற்கும் தீனி கிடைக்கும். குண்டு உடம்பு, இரட்டை வால், துருத்திய கண் எல்லாம் தப்பிப் பிழைத்தது அங்கேதான்.

1596-ல் ஜாங் சியாண்டே என்ற சீனர் செம்மீன் வளர்ப்பு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் சொல்லும் முறையின் சாரம் இது: ஆயிரக்கணக்கில் மீன் வாங்கு, பல தொட்டிகளில் பிரித்து விடு, நாள்தோறும் பார்த்துப் பார்த்துத் தேறாததை ஒதுக்கு, நூற்றுக்கு ஒன்றிரண்டை மட்டும் இரண்டு மூன்று தொட்டியில் சேர்த்துக் கவனமாக வளர். ஜப்பானுக்கு 1500-களின் தொடக்கத்திலும் ஐரோப்பாவுக்கு அடுத்த நூற்றாண்டிலும் போன மீன் இது. ஒரு நல்ல ரான்சு ஈட்டை வளர்ப்பவர் ஜப்பானில் இன்றும் செய்வது கிட்டத்தட்ட ஜாங் சொன்னதைத்தான்.

வால் ஏன் கோணுகிறது?

இத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்த பிறகும் ஏன் ஒவ்வொரு ஈட்டிலும் இவ்வளவு கழிக்க வேண்டியிருக்கிறது? மரபணு ஆய்வுகள் ஒரு பதில் சொல்கின்றன. கோல்டு ஃபிஷ்ஷின் மூதாதைகளில் சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்தது. அதனால் பல மரபணுக்களுக்கு அதனிடம் இரண்டு படிகள் உண்டு. கரு வளரும்போது முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்று தீர்மானிப்பதில் ‘கோர்டின்’ என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதன் ஒரு படி பழுதானதால்தான் வால் இரண்டாகப் பிளக்கிறது என்று 2014-ல் ஜப்பானியரும் தைவானியரும் அடங்கிய ஆய்வுக் குழு காட்டியது. இன்னொரு படி வேலை செய்வதால் மீன் பிழைத்துக்கொள்கிறது.

பழுது ஒன்றேதான் என்றாலும், அது வெளிப்படும் அளவு குஞ்சுக்குக் குஞ்சு மாறுகிறது. ஒன்றுக்கு வால் அழகாக விரிகிறது. ஒன்றுக்கு நடுவில் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றுக்கு ஒரு பக்கம் மடிகிறது. தாய் தகப்பன் எவ்வளவு சிறந்ததானாலும் இது இருக்கும்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. சீன மரபியலாளர் சென் சேன் 1928-ல் வெளியிட்ட ஆய்வு, கோல்டு ஃபிஷ்ஷில் மெண்டல் விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சான்று. பல நிறப் புள்ளி கொண்ட ‘காலிகோ’ மீன்கள் இரண்டைச் சேர்த்தால் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் காலிகோ. கால்வாசி உலோகப் பளபளப்புடன் இருக்கும். இன்னொரு கால்வாசி பளபளப்பே இல்லாமல் வெளிறி இருக்கும். இதை அறியாதவர், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபித்துக்கொள்வார்.

ஜோடி சேர்ப்பது

ஓராண்டு நிறைந்த மீன் இனப்பெருக்கத்துக்குத் தயார். இரண்டு, மூன்று வயது மீன் இன்னும் நல்லது. பருவம் வந்த ஆண் மீனின் செவுள் மூடியிலும், நெஞ்சுத் துடுப்பின் முதல் முள்ளிலும் ரவை ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இதை வெண்புள்ளி நோய் என்று பயந்து மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. நோய்ப் புள்ளி உடம்பு, வால் என்று எங்கே வேண்டுமானாலும் சிதறி வரும். பருவப் புள்ளி இந்த இரண்டு இடங்களோடு நின்றுவிடும். பெண்ணை மேலிருந்து பார்த்தால் வயிறு ஒரு பக்கம் கூடுதலாகப் புடைத்திருக்கும்.

ஆணையும் பெண்ணையும் இரண்டு மூன்று வாரம் தனித்தனியே பிரித்து வைத்து, புழுவும் புரதம் நிறைந்த தீனியும் கொடுத்துத் தேற்ற வேண்டும். கோல்டு ஃபிஷ் மிதமான தட்பவெப்பத்து மீன். குளிர் நாடுகளில் வசந்தத்தில் தண்ணீர் 18–20 டிகிரிக்கு ஏறும்போது முட்டையிடும். நமக்கு வசந்தம் எதிர்த்திசையில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கி, இரவு வெப்பம் 20–22 டிகிரிக்குத் தணியும் கார்த்திகை முதல் மாசி வரைதான் சென்னை வளர்ப்பாளருக்கு வசதியான காலம். மாலையில் பாதித் தண்ணீரை மாற்றிச் சற்றே குளிர்ந்த புதுத் தண்ணீர் விட்டு, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் சேர்த்தால், மறுநாள் விடியலில் ஆண்கள் பெண்ணைத் துரத்தத் தொடங்கும். மழை பெய்த மறுநாள் இது தானாகவே நடப்பதும் உண்டு.

முட்டை ஒட்டும் தன்மை உடையது. பிரித்துவிட்ட நைலான் கயிறு, ஆகாயத்தாமரை வேர், வேலம்பாசி எதிலும் ஒட்டிக்கொள்ளும். குளத்திலிருந்து எடுத்த செடியோடு நத்தையும் தட்டான் பூச்சியின் இளம் புழுவும் வரும். தட்டான் புழு ஒன்றே போதும், ஒரு ஈட்டைக் காலி செய்ய. நைலான் கயிறு நம்பகமானது. துரத்தல் ஓய்ந்ததும் பெரிய மீன்களை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பெற்ற முட்டையைத் தாமே தின்றுவிடும்.

முதுகுத் துடுப்பு இல்லாத ரான்சு போன்ற குண்டு மீன்களுக்குத் துரத்தி முட்டையிடுவது சிரமம். அனுபவசாலிகள் பெண்ணின் வயிற்றை மெல்லத் தடவி உலர்ந்த கிண்ணத்தில் முட்டையை இறக்கி, ஆணின் விந்தைக் கலந்து, பிறகுதான் தண்ணீர் சேர்ப்பார்கள். தண்ணீர் பட்டவுடன் விந்தணு துடிப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். அதனால்தான் இந்த அவசரம். கை அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் உள்ளுறுப்பு நசுங்கும். நேரில் ஒருவரிடம் பார்த்துப் பழகாமல் இதில் இறங்கக் கூடாது.

முதல் பத்து நாள்

20 டிகிரியில் முட்டை பொரிக்கச் சுமார் 5 நாள். 25 டிகிரியில் சுமார் 3 நாள். கருவுறாத முட்டை வெள்ளையாகி, அதில் பஞ்சுபோல் பூஞ்சை பிடித்து, பக்கத்து முட்டைக்கும் பரவும். தண்ணீர் இளநீலமாகும் அளவு மெத்திலீன் புளூ விடுவது இதைத் தடுக்கத்தான்.

பொரித்த குஞ்சு 5 மில்லி மீட்டர் இருந்தால் அதிகம். இரண்டு மூன்று நாள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தன் மஞ்சள்கருப் பையில் மிச்சமிருப்பதைக் கொண்டே உயிர் வாழும். இந்த நேரத்தில் தீனி போட்டால் அது அழுகுவதுதான் மிச்சம். பிறகு குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் காற்றுப்பையை நிரப்ப வேண்டும். அதனால்தான் தண்ணீர் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் வேண்டாம், மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமும் ஆகாது என்பார்கள். காற்றுப்பை நிரம்பாத குஞ்சு தரையிலேயே தவழ்ந்து கிடக்கும்; அது தேறுவது அரிது.

நீந்தத் தொடங்கியதும் பசி வந்துவிடும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் ஒரே நேரம் கொட்டுவதைவிட நாளைக்கு நாலைந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வைக்கோலோ வாழைப்பழத் தோலோ ஊறிய தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்களும், வெயிலில் வைத்த தொட்டியின் பச்சைத் தண்ணீரும் முதல் இரண்டு நாளுக்குப் போதும். அதன் பிறகு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால்தான் ராஜா. உலர்ந்த முட்டையாக டப்பாவில் விற்கிறார்கள். அமெரிக்காவின் உப்பு ஏரி ஒன்றிலிருந்து வரும் சரக்கு உலகச் சந்தையில் பிரசித்தம். லிட்டருக்கு 25–30 கிராம் உப்பு கரைத்து, பலமாகக் காற்றடித்து, 28 டிகிரி அளவில் வைத்தால் ஒரு நாளில் பொரிக்கும். பொரித்ததைச் சன்னமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். சற்று நேரத்தில் குஞ்சுகளின் கண்ணாடி வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். எல்லா வயிறும் ஆரஞ்சாக இருந்தால் எல்லாமே தின்றிருக்கின்றன.

ஆர்ட்டீமியா விலை கையைக் கடித்தால் மொய்னா என்ற நீர்த்தெள்ளு இருக்கிறது. கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீரோ சாணக் கரைசலோ விட்டுத் தனித் தொட்டியில் பெருக்கலாம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து விடும் பழைய முறையும் வேலை செய்யும். ஆனால் ஒரு துளி கூடினாலும் அன்று இரவே தண்ணீர் கெட்டுவிடும்.

குஞ்சுகளைக் கொல்வது பெரும்பாலும் நோய் அல்ல, அம்மோனியா. எவ்வளவு தீனியோ அவ்வளவு கழிவு. தண்ணீரின் சூடும் காரத் தன்மையும் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். அதே சூட்டில் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லி கிராம், 30 டிகிரியில் 7.5 மில்லி கிராம். சித்திரை வெயிலில் ஓர் ஈட்டை வளர்ப்பது மார்கழியில் இரண்டு ஈட்டை வளர்ப்பதைவிடக் கடினம் என்பதற்குக் காரணம் இதுதான். தினமும் அடியில் படிந்ததைச் சன்னமான குழாயால் உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குடிநீர் வாரியத் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தோ, தயோசல்பேட் போட்டோதான் விட வேண்டும்.

ஒதுக்கும் கை

இரண்டு மூன்று வாரத்தில் வால் தெரியத் தொடங்கும். முதல் சுற்று அப்போது. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பத்துப் பத்தாக மொண்டு மேலிருந்து பார்க்க வேண்டும். ஒற்றை வால், மடிந்த வால், வளைந்த முதுகு வெளியே. அடுத்த சுற்று நாலாவது வாரத்தையொட்டி. ரான்சுவுக்கு முதுகில் ஒரு முள்ளோ மேடோ இருந்தால் வெளியே. ஒராண்டாவுக்கு முதுகுத் துடுப்பு பாதிதான் இருந்தால் வெளியே. உடம்பின் உருண்டை ஆறாவது வாரத்துக்கு மேல் பிடிபடும்.

இதற்குமேல் பொறுமை வேண்டும். பெரும்பாலான குஞ்சுகள் முதலில் கறுத்த வெண்கல நிறத்தில்தான் இருக்கும். கறுப்பு நிறமிச் செல்கள் அழிந்து, அடியிலிருக்கும் ஆரஞ்சு வெளிவர இரண்டு மூன்று மாதம் ஆகும்; சில மீன்கள் மாறாமலே இருந்துவிடுவதும் உண்டு. டெலஸ்கோப் கண் துருத்துவதற்கும் மாதங்கள் பிடிக்கும். ஒராண்டாவின் தலைத் தொப்பி அதற்கும் பிறகு. வாலை வைத்து மூன்றாவது வாரம் முடிவெடுக்கலாம். நிறத்தை வைத்து இரண்டாவது மாதத்தில் முடிவெடுப்பவர் நல்ல மீனைத் தொலைப்பார்.

ஒதுக்காமல் எல்லாவற்றையும் வளர்த்தால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதக் குஞ்சு ஒன்றுக்குத் தோராயமாக 10 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெறும் 200 குஞ்சுக்கே 2,000 லிட்டர். அது ஒரு குடும்பம் மாடியில் வைக்கும் பெரிய சின்டெக்ஸ் தொட்டி. இடம் போதாமல் நெருக்கினால் எல்லாக் குஞ்சும் சேர்ந்து குன்றிப்போகும். கோணல் வாலைக் காப்பாற்றுவதாக நினைத்து நல்ல வாலையும் கெடுப்பதுதான் அங்கே நடக்கிறது.

ஒதுக்கியவை எங்கே போகின்றன?

பலரும் பேசத் தயங்கும் இடம் இது. பெரிய மீன்களுக்குத் தீனியாகப் போடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மனம் ஒப்பாதவர்கள் ஒற்றை வால் குஞ்சுகளை அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கும், வீட்டுத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் கொடுக்கலாம். அவை திடமான மீன்கள். கொசுப் புழுவையும் நன்றாகத் தின்னும். பிழைக்கவே வழியில்லாமல் ஊனமான குஞ்சுகளைத் துன்பமில்லாமல் முடிக்கக் கிராம்பு எண்ணெயை மயக்க மருந்தாக அதிக அளவில் பயன்படுத்துகிறார்கள்.

செய்யவே கூடாத ஒன்று, ஏரியில் விடுவது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம் 2021-ல் தன் ஏரியிலிருந்து பிடித்த கால்பந்து அளவு கோல்டு ஃபிஷ்களின் படத்தை வெளியிட்டு, வீட்டு மீன்களை நீர்நிலையில் விடாதீர்கள் என்று கெஞ்சியது. அடித்தரையைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி, நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்கிவிடும் மீன் இது. கொளத்தூருக்கு ஒட்டினாற்போல் ரெட்டேரி இருக்கிறது. சற்றுத் தள்ளிப் புழல் ஏரி. இரக்கத்தில் செய்தாலும் அது ஏரிக்குச் செய்யும் கேடுதான்.

ஒதுக்கும் கைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் பபுள் ஐ ஒரு கூர்மையான கல்லில் உரசினாலும் பை கிழியும். அளவுக்கு மீறி உருண்ட உடம்புள்ள மீன்கள் நிலைகுலைந்து தலைகீழாக மிதப்பது சகஜம். எது அழகு என்று தீர்மானிப்பவர், எது நீந்த வேண்டும் என்றும் தீர்மானிக்கிறார். ஜப்பானிய ரான்சு போட்டிகளில் மீனை மேலிருந்து பார்த்து, அது நீந்தும் விதத்தையும் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். நம் தொட்டியிலும் அந்தக் கண் வேண்டும்.

தொழிலாகச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் முதல் ஈட்டிலேயே லாபக் கணக்கு எழுத வேண்டாம். சென்னை மாதவரத்தில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் வண்ண மீன் தொழில்நுட்பப் பூங்கா நடத்துகிறது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை வண்ண மீன் வளர்ப்புக்கு அலகுச் செலவு 3 லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். பொதுப் பிரிவினருக்கு அதில் 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தொடங்குவோருக்கு

● கடையில் கண்ணில் பட்ட இரண்டு மீனைச் சேர்க்காதீர்கள். ஒரே வகையில், முடிந்தால் ஒரே வளர்ப்பாளரிடமிருந்து, ஆறு இளம் மீன்கள் வாங்கி வளர்த்து, அதில் சிறந்ததை ஜோடியாக்குங்கள்.

● புதிதாக வந்த மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். மீன் பேனும் நங்கூரப் புழுவும் புது மீனோடுதான் வரும்.

● ஆர்ட்டீமியாவைப் பொரிக்க வைக்கப் பழகிய பிறகு மீனை முட்டையிட விடுங்கள். குஞ்சு வந்த பிறகு தீனி தேட நேரம் இருக்காது.

● திறந்த தொட்டிக்கு வலை போடுங்கள். காகம், மீன்கொத்தி, பூனை, முட்டையிட வரும் தட்டான் எல்லாவற்றுக்கும் அதுவே தடை.

● கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்காதீர்கள். நன்றாகப் பராமரித்தால் பத்தாண்டுக்கு மேல் வாழும் மீன் அது.

முட்டையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பொரிக்க வைக்கத்தான் ஆசை வரும். அதற்கு முன் உங்கள் மாடியில் எத்தனை லிட்டர் தண்ணீருக்கு இடம் இருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். அதைப் பத்தால் வகுங்கள். மூன்றாவது மாதத்தில் உங்களால் நியாயமாக வளர்க்க முடிந்த மீன்களின் எண்ணிக்கை அதுதான். அந்த எண் ஐம்பது என்றால், முட்டைக் கயிற்றில் பாதியை நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். ஐம்பதை ஒழுங்காக வளர்த்தவரிடம் அடுத்த ஆண்டு ஒரு நல்ல ஜோடி இருக்கும். ஆயிரத்தை வளர்க்கப் போனவர் மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும்.